சார்ஜ் ஏறாத லேப்டாப்பும் சொன்ன பேச்சுக் கேளாதவர்களும்

சார்ஜ் ஏறாத பேட்டரியைப் பழுது பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு வருகிற மனிதர்களைச் சமாளிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

எழுபதுகளில் ரேடியோவும் கேசட் பிளேயரும் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எண்பதுகளின் கடைசியில், சிலிகி ரோட்டில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில், லேப்டாப் விற்கும் ஒரு சின்னக் கம்பெனியின் சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்தேன். லேப்டாப் என்றதும் இன்றைக்கு நீங்கள் பையில் செருகிக்கொண்டு போகிற தகட்டை நினைக்காதீர்கள். அது ஏழு கிலோ. கைப்பிடி போட்ட தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். மடியில் வைத்துப் பத்து நிமிஷம் தட்டினால் தொடை மரத்துப்போகும். பேட்டரி மட்டுமே ஒரு செங்கல் கனம். ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு மணி நேரம் ஓடும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். விளம்பரத்தில் என்னதான் போடமாட்டார்கள்!

கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைப்பு நடத்திய, இன்னும் நடத்துகிற சக அவஸ்தைக்காரர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் படித்தால் கோபம் வரும். வரட்டும்.

ஆள் இல்லாத அறைக்குக் கரண்ட்

சவுத் பிரிட்ஜ் ரோட்டில், மாரியம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் ஒரு வக்கீல் ஆபீஸ். அங்கே ரவீந்திரன் என்று ஒரு கிளார்க். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போவார். காலையில் வந்து பார்த்தால் பேட்டரி காலி. மூன்று தடவை என்னிடம் கொண்டுவந்தார். மூன்று தடவையும் என் மேஜையில் அது சமர்த்தாகச் சார்ஜ் ஏறியது. "உங்க கடையில ஏறுது, எங்க ஆபீஸ்ல ஏற மாட்டேங்குது. உங்க கரண்டு வேற, எங்க கரண்டு வேறயா?" என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். வக்கீலிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த வியாதி சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

நாலாவது தடவை நானே நேரில் போனேன். பிளக், வயர், சார்ஜர் எல்லாவற்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ரவீந்திரன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நான் தோற்பதை ரசித்துக்கொண்டிருந்தார். மணி ஆறானது. அந்த ஆபீஸைக் கூட்டிப் பெருக்கி, எல்லாருக்கும் கோப்பி கலக்கிக் கொடுக்கும் பாக்கியம் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவரோரமாக நடந்து, ஒவ்வொரு பிளக் பாயிண்டின் சுவிட்சையும் டப் டப்பென்று அணைத்துக்கொண்டே போனார். லேப்டாப் சுவிட்சும் அணைந்தது. காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து அத்தனையையும் திரும்பப் போட்டுவிடுவாராம். அதனால்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. சட்டப் புத்தகத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ரவீந்திரனுக்கு இத்தனை நாளில் இது உறைக்கவே இல்லை.

"ஏன்க்கா அணைச்சீங்க?" என்று கேட்டேன். புத்தி பேதலித்தவனைப் பார்ப்பது போல என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மனுஷங்களே வீட்டுக்குப் போயாச்சு. பெட்டிக்கு மட்டும் எதுக்குத் தம்பி கரண்டு?"

கண்ணாடியில் ஒட்டிய சட்டம்

இந்த இடத்தில் என் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் முதல் மாடலில் இருந்தது நிக்கல் பேட்டரி. அது பாதி தீர்ந்ததுமே சார்ஜில் போட்டுப் போட்டுப் பழக்கினால், பிறகு பாதியிலேயே படுத்துக்கொள்ளும். சுத்தமாகத் தீர்த்துவிட்டுத்தான் திரும்ப ஏற்ற வேண்டும். இதை வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தேன். பிறகு இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதிக் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டினேன்: 'பேட்டரி முழுவதும் தீரட்டும். ஒரு நாள் ஆறட்டும். அதன் பிறகு சார்ஜ் செய்யவும்.' அந்த ஒரு நாள் ஆறுவது என் சொந்தச் சரக்கு, கேசட் பிளேயர் காலத்து அனுபவம். ஒரு ஆள் கேட்க வேண்டுமே! எல்லாரும் நாள் முழுக்க அதைச் சுவரில் செருகியே வைத்திருந்தார்கள். பெட்டியோடு வரும் புத்தகத்தையும் பிரித்துப் படிப்பதில்லை, என் பேச்சையும் கேட்பதில்லை. இப்படிப்பட்டவர்கள் கையில் எதற்காகக் கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள் என்று நான் தினமும் வயிறெரிந்தேன்.

கேட்டவர் ஒரே ஒருவர். பெயர் கோவிந்தசாமி, வயது ஐம்பது, புக்கிட் மேராவில் வீடு. முதலில் பாய லேபார் விமான நிலையத்திலும், அதை மூடியபின் சாங்கியிலும், சரக்குக் கொட்டகையில் இருபது வருஷம் மூட்டை ஏற்றி இறக்கியவர். முதுகு போய்விட்டது. இனிமேல் கனம் தூக்கினால் நடக்க முடியாமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் அழுதுகொண்டு உட்காரவில்லை. கம்யூனிட்டி சென்டரில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்ப் படித்து, சரக்கு எண்ணும் கிளார்க் வேலைக்கு மாற்றிக் கேட்டார். தள்ளுவண்டியில் லேப்டாப்பை வைத்து நகர்த்திக்கொண்டே பெட்டிகளை எண்ணிப் பதிவதுதான் வேலை. எங்கள் புது மாடல் ஒன்றை இரண்டு பேட்டரியோடு அவர் கையில் கொடுத்து, மூன்று மாதம் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார் சூப்பர்வைசர். மெஷின் அவர் கையில் ஒழுங்காக ஓடினால் அந்த வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் திரும்பவும் மூட்டை.

பெட்டி கைக்கு வந்த வாரமே, லீவு போட்டுவிட்டு என் கவுண்டருக்கு வந்தார். பழுதாவதற்கு முன்னால் வந்த வாடிக்கையாளரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். கண்ணாடியில் ஒட்டியதைக் காட்டினேன். பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, ஒரு நாள்னா இருபத்து நாலு மணி நேரமா, இல்ல ஒரு ஷிப்டா?"

பொட்டு வைத்த மெஷின்

சிராங்கூன் ரோட்டில் மாணிக்கம் என்பவர் நகைக்கடை வைத்திருந்தார். அவரும் புது மாடல் வாங்கினார். எதற்கு வாங்கினார் என்று அவருக்கும் தெரியாது. எதிர்க் கடைக்காரர் வாங்கிவிட்டார், அவ்வளவுதான். சரஸ்வதி பூஜை முடிந்த மறுநாள் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். சார்ஜ் ஏறவில்லை. நேற்று வரைக்கும் ஏறியது.

பேட்டரியைக் கழற்றினேன். சந்தன வாசனை கமகமவென்று வந்தது. தராசு, கல்லாப்பெட்டி, டெலிபோன், கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த முதலாளி, லேப்டாப்புக்கும் வைத்திருக்கிறார். வெளியே மூடி மேல் வைத்தால் போதாதா? உயிர் இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்று பேட்டரியை வெளியே எடுத்து, சார்ஜ் பாய்கிற பித்தளைத் தகடு நாலிலும் ஆளுக்கொரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். காய்ந்து ஓடு மாதிரி பிடித்திருந்தது. மின்சாரம் எந்த வழியாகப் போகும்? ஸ்பிரிட் போட்டுத் துடைத்துச் சுரண்டிவிட்டு, இனிமேல் தகட்டில் மட்டும் வைக்காதீர்கள் என்று பணிவாகத்தான் சொன்னேன். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"பொட்டு வைக்காத மெஷின் என் கடையில ஓடாது. உங்க கம்பெனிக்காரன்கிட்ட சொல்லி, கரண்டு போற வழிய வேற பக்கமா வைக்கச் சொல்லுங்க."

எங்கள் ஆட்கள்

இந்துக்களை மட்டும் சொல்லிவிட்டு நழுவினால் என் மனசாட்சி என்னைச் சும்மா விடாது. நான் கோயில் திருவிழாவில் கொடி பிடிக்கிற கத்தோலிக்கன். எங்கள் சர்ச் பங்கில் ஞானப்பிரகாசம் என்று ஒரு வாத்தியார், பங்கு அலுவலகக் கணக்கு வழக்கையெல்லாம் பார்ப்பவர். அவரும் புது மாடல்தான் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரிக்கச் சொன்னார். சாமியார் சிக்கனமானவர், இரண்டு சொட்டுதான் தெளித்தார். வாத்தியாருக்கு அது போதவில்லை. தீர்த்தச் செம்பை அவரே வாங்கி, பேட்டரி உட்காருகிற குழிக்குள் நன்றாக ஊற்றிவிட்டார். ஒரு மாதம் கழித்து உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு பூத்து, சார்ஜ் நின்றுவிட்டது. நான் களிம்பைச் சுரண்டச் சுரண்ட அவர் பக்கத்தில் நின்று ஜெபமாலை உருட்டினார். "தண்ணி பட்டா இப்படித்தான் ஆகும் சார்" என்றேன். என் விசுவாசத்தின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"தண்ணி பட்டாக் கெடும், ஒத்துக்கறேன். தீர்த்தம் பட்டாக்கூடவா கெடும்?"

இரண்டாவது கட்டம்

நோட்டில் எழுதிக்கொண்டு போய் இரண்டு மாதம் கழித்துக் கோவிந்தசாமி வந்தார். இரண்டு பேட்டரியில் ஒன்று எத்தனை மணி நேரம் போட்டாலும் சார்ஜ் ஏறவில்லை. மேஜையில் போட்டுப் பார்த்தேன், செத்துத்தான் கிடந்தது. சில பேட்டரி பிறவியிலேயே அப்படி என்று சொல்லி வேறு ஒன்று எடுத்துக் கொடுத்தேன். செத்ததை மூலையில் இருந்த கழிவுப் பெட்டியில் போட்டேன். மூன்று வாரம் கழித்து மற்றதையும் தூக்கிக்கொண்டு வந்தார். அதுவும் பிணம். கொட்டகையில் பாதிச் சரக்கு எண்ணிக்கொண்டிருக்கும்போது நின்றுவிட்டதாம். ஒரு விமானம் அவருக்காகக் காத்திருந்ததாம். சூப்பர்வைசர் கோபத்தில், பழுதுக்குக் காரணம் என்ன என்று சர்வீஸ் பேப்பர் வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறார்.

அந்தப் பேப்பரில் இரண்டு கட்டம் இருக்கும். முதல் கட்டம், தயாரிப்புக் குறை. இரண்டாவது கட்டம், உபயோகித்தவரின் தவறு. ஒருவர் கையில் இரண்டு பேட்டரி சாகிறது, அதே மாடல் வாங்கிய மற்றவர்கள் பேட்டரியெல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் நான் வேறு என்ன நினைப்பேன்? "நான் சொன்னபடி செஞ்சீங்களா?" என்று கேட்டேன். "அப்படியேதான் தம்பி செஞ்சேன்" என்றார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற எல்லாரும் சொல்கிற வசனம் அது. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. "ரெண்டாவது கட்டத்துல டிக் போட்டா என்னைத் திரும்ப மூட்டைக்கு அனுப்பிடுவாங்க தம்பி. முதுகு தாங்காது" என்று மெதுவாகச் சொன்னார். அவர் கெஞ்சவில்லை, தகவல் சொல்வது போலத்தான் சொன்னார். பேப்பரில் பொய் எழுத முடியாது அண்ணே என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிட்டு, இரண்டாவது கட்டத்தில் அழுத்தமாக டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். எங்கள் முதலாளி மிஸ்டர் லிம் அதன் கீழே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பேப்பரை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் கோவிந்தசாமி.

"சரி தம்பி. நீங்க படிச்சவங்க. நான்தான் எங்கியோ தப்பு பண்ணியிருப்பேன்."

மிளகாயும் பேட்டரியும்

அதே வாரம் தோ பாயோவிலிருந்து ஒருவர் வந்தார், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அவர் பேட்டரியின் மேல்தோல் வெந்து சுருங்கியிருந்தது. என்ன ஆனது என்று கேட்டால் மழுப்பினார். கூட வந்திருந்த மனைவி உண்மையை உடைத்தார். சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று, டார்ச் லைட் பேட்டரியை வெயிலில் வைப்பது போல இதையும் பதினோராவது மாடி வராந்தாச் சுவரில் காய வைத்திருக்கிறார், மோர் மிளகாய்த் தட்டுக்குப் பக்கத்தில். மூன்று நாள். மழை வந்தபோது மனைவி மிளகாயை மட்டும் உள்ளே எடுத்தாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில், இது என்ன வடகமா என்று கேட்டே விட்டேன். அவர் அசரவில்லை.

"டார்ச் பேட்டரி வெயில்ல வச்சா எரியுது லா. இது மட்டும் என்ன பெரிய எடத்துப் பிள்ளையா?"

நோட்டுப் புத்தகம்

ஒன்றரை மாதம் போனது. ஒரு நாள் மத்தியானம் கவுண்டரில் கூட்டமில்லை. கோவிந்தசாமி உள்ளே வந்தார். நடை மாறியிருந்தது. சட்டைக்கு மேலே இடுப்பில் அகலமான பெல்ட் கட்டியிருந்தார், மூட்டை தூக்குகிறவர்கள் கட்டுவது. நாற்காலியில் உட்காருவதற்கே மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் முறைப்போடு நிமிர்ந்தேன். "வேலைய திரும்ப வாங்கித் தாங்கன்னு கேக்க வரல தம்பி. எங்க தப்பு பண்ணினேன்னு மட்டும் சொல்லுங்க. அது தெரியாம மனசு ஆற மாட்டேங்குது" என்று நோட்டை நீட்டினார்.

கேலி செய்ய ஏதாவது கிடைக்கும் என்றுதான் பிரித்தேன். தேதி, பேட்டரி தீர்ந்த நேரம், ஆற வைத்த நேரம், சார்ஜில் போட்ட நேரம். பக்கம் பக்கமாக, கோடு போட்டு, ஒரு நாள்கூட விடாமல். இருபத்து நாலு மணி நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால்கூட அவர் சார்ஜில் போட்டதில்லை. மனிதர் அத்தனையும் நான் சொன்னபடியே செய்திருந்தார். கழிவுப் பெட்டியில் கிடந்த அவருடைய பேட்டரியை எடுத்தேன். உடைத்துப் பார்க்கக் கூடாது என்பது கம்பெனி விதி. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். உள்ளே நிக்கல் இல்லை. ஈயம். மோட்டார் சைக்கிளில் இருக்குமே, அதே ஜாதி, சின்ன அளவில். புது மாடல் பேட்டரி கனமாக இருந்ததை நான் முதல் நாளே கவனித்தேன். கம்பெனிக்காரன் பவர் கூடுதலாக வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

புது மாடலின் புத்தகம் என் அலமாரியிலேயே இருந்தது, மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். ஊரில் ஒருவரும் புத்தகம் படிப்பதில்லை என்று வயிறெரிந்த மகானுபாவன் வைத்திருந்த புத்தகம் அது. கிழித்துப் பிரித்தேன். மூன்றாவது பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தான்: இந்தப் பேட்டரியை முழுவதும் தீரவிடக் கூடாது, தீர்ந்தால் உடனே சார்ஜ் செய்ய வேண்டும், தீர்ந்த நிலையில் வைத்திருந்தால் திரும்ப உயிர் வராது. அதாவது, இந்தப் பேட்டரியைக் கொல்ல ஒரு வழி தேடினால், என் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைவிட நல்ல வழி கிடைக்காது. வெட்கத்தில் என் காது சுட்டது. "அண்ணே, தப்பு உங்க மேல இல்ல. நான் சொல்லிக் குடுத்ததே தப்பு" என்று சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் நோட்டை என் கையிலிருந்து வாங்கி, பக்கங்களைத் தடவிப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்ப, நீங்க சொன்னத நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன். இல்ல தம்பி?"

மிஸ்டர் லிம்மின் யோசனை

மிஸ்டர் லிம் நல்ல வியாபாரி. விற்கிற பெட்டியை ஒரு நாள்கூடத் திறந்து பார்த்தவரில்லை. உடைத்த பேட்டரியையும் புத்தகத்தையும் அவர் மேஜையில் வைத்து, பேப்பரைத் திருத்தி எழுத வேண்டும், ஒரு மனிதரின் முதுகு போகிறது என்றேன். அவர் புத்தகத்தைத் தொடவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். வாடிக்கையாளரே தன் தப்பு என்று ஒத்துக்கொண்டு போன விஷயத்தைத் தோண்டி எடுக்கிறவன் பைத்தியக்காரன் என்பது அவர் கட்சி. உண்மையைச் சொன்னால், அவர் சொன்னது போலவே பேசாமல் இருந்துவிடலாம் என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்குள் அவரே, வெளியே சொன்னால் என் வேலை போய்விடும் என்று முத்தாய்ப்பு வைத்தார்.

"பேப்பர் ஆல்ரெடி சைன், லா. யூ கோ டெல் தெம், டுமாரோ யூ நோ மோர் கவுண்டர்."

சாங்கியில்

திரும்பி வந்து, முதல் வேலையாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தேன். பிறகு வெள்ளைத் தாளில் என் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். பேட்டரி செத்ததற்குக் காரணம் அதை உபயோகித்தவர் இல்லை, தப்பாகச் சொல்லிக் கொடுத்த நான்தான் என்று நாலே வரி. பாதுகாக்கும் முறை என்று புத்தகத்தில் இருந்த பக்கத்தையும் நகல் எடுத்துச் சேர்த்தேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு, ஒரு புதுப் பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு சாங்கிக்கு பஸ் ஏறினேன். வழி முழுக்க, சூப்பர்வைசர் என்னை எப்படியெல்லாம் காய்ச்சுவார், நான் என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

சூப்பர்வைசர் தேவராஜ் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்கதான் அந்த சர்வீஸ்காரரா? விசாரிச்சப்ப அவரு உங்களப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்லல. சர்வீஸ்காரர் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாரு, எனக்குத்தான் புரியலன்னு சொன்னாரு. வயசானவருக்குக் கம்ப்யூட்டர் வராதுன்னு நாங்களும் முடிவு பண்ணிட்டோம்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. கவுண்டரில் பல வருஷமாக நான் எத்தனையோ பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்க எல்லா நியாயமும் இருந்த ஒருவர், என்னைக் காப்பாற்றிப் பேசிவிட்டு மூட்டை தூக்கப் போயிருக்கிறார்.

தேவராஜ் அவரைக் கூப்பிட்டனுப்பினார். கோவிந்தசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பழையபடி சரக்கு எண்ணலாம், இனி சோதனை கீதனை ஒன்றும் கிடையாது என்று தேவராஜ் சொன்னதும், சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பு பெல்ட்டைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. பேட்டரியை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இந்தப் புது பேட்டரிய எப்படித் தம்பி வச்சுக்கணும்? நீங்க சொல்லுங்க, அப்படியே செஞ்சுடறேன்."

சக அவஸ்தைக்காரர்களே, என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சந்தனம் பூசியவர் பேட்டரியும் பிழைத்தது, தீர்த்தம் ஊற்றியவர் பேட்டரியும் பிழைத்தது. நான் சொன்னதை அப்படியே கேட்ட ஒரே மனிதரின் பேட்டரியைத்தான் என் கையால் கொன்றேன்.